எழுத்து வர்றதுக்கு முன்னாடி

ஜனவரி 9

டேய் ஆமை,

கவரைப் பார்த்ததும் யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்கன்னு பயந்திருப்பே. நான்தான், உன் அக்கா. போன் பண்ணா நீ எடுக்க மாட்டே. மெயில் போட்டா படிக்காமலே மூடிடுவே. காகிதம்னா கிழிச்சுப் போடவாவது கையில எடுத்துத்தானே ஆகணும். உன் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. எங்க ஆஸ்பத்திரி புது வெப் பேஜுக்கு அடியில பொடி எழுத்துல உங்க கம்பெனி விலாசம் இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு தம்பியோட விலாசத்தை நான் இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

உறவு கொண்டாட எழுதலை. புகார் சொல்ல எழுதறேன். இப்ப டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் அந்தப் பேஜ்லதான் வருது. விசாரணை கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிற என்கிட்டதான் எல்லாரும் போனை நீட்டறாங்க. பதிவு எண்ணைப் போட்டா முதல்ல ஒரு வெள்ளைக் கட்டம் வருது. அப்புறம் மூடுபனி விலகற மாதிரி எழுத்து மெதுவா தெளிஞ்சு வருது. பார்த்ததுமே இது உன் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. மூணு வயசுல பேச ஆரம்பிச்சவன் தானே நீ.

ஆனா ஒண்ணு உனக்குத் தெரியுமா? கட்டம் சின்னதா இருந்தா நல்ல செய்தி, பெருசா இருந்தா கெட்ட செய்தின்னு இங்க எல்லாருக்கும் பழகிடுச்சு. நல்லதுன்னா "பயப்பட ஒன்றுமில்லை"ன்னு ஒரே வரி. கெட்டதுன்னா எந்த டாக்டரைப் பார்க்கணும், எந்த ரூம், கூட யாரைக் கூட்டிட்டு வரணும்னு ஒரு பத்தி. போன வாரம் ஒரு பெயிண்டர், எழுத்து வர்றதுக்கு முன்னாடியே அந்த வெள்ளை இடத்தோட அளவைப் பார்த்துட்டுத் தரையில உட்கார்ந்துட்டார்.

நேத்து ஒரு அம்மா. கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு, போனை மூக்குகிட்ட வெச்சுப் பார்த்தாங்க. "நல்ல செய்திக்கு இவ்வளவு இடம் எதுக்கு?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. எழுத்து இன்னும் பாதிகூட வரலை. சொல்றதைப் பட்டுன்னு சொல்லித் தொலைச்சா என்னடா? கழுத்தை அறுக்கறதுல மெதுவா அறுத்தா வலிக்காதா?

சரிபண்ணு. அம்மா நல்லாத்தான் இருக்கா. பக்கம் முடிஞ்சுபோச்சு.

அக்கா


ஜனவரி 20

அக்கா,

கடிதம் ஆபீஸ் வரவேற்பறையில ரெண்டு நாள் கிடந்திருக்கு. காகிதத்துல எனக்கு யாரும் எழுதறதில்லைங்கறதால யாரும் எடுத்துத் தரலை.

உன் புகாருக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். பேஜ் வேற, அதுல வர்ற ரிசல்ட் வேற. பேஜ் முதல்ல வந்துடும். ரிசல்ட் உங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லேர்ந்து கொஞ்சம் தாமதமா வந்து நடுவுல உட்காரும். அது திடீர்னு உள்ளே குதிச்சா கீழே இருக்கிறதெல்லாம் எகிறும். டாக்டர் நேரம் கேட்க பட்டனை அழுத்தப் போன விரல் வேற எதையோ அழுத்திடும். அதனால வரப் போறது எவ்வளவு நீளம்னு மட்டும் முன்னாடியே கேட்டு வாங்கி, அந்த அளவுக்கு இடம் விட்டு வெச்சேன்.

மெதுவா வர்றது சும்மா அழகுக்கு இல்ல. உள்ளே வந்த எழுத்தை அந்தக் கணமே "தெரி"ன்னு சொன்னா பிரவுசர் பட்டுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி காட்டிடும். முதல்ல கண்ணுக்குத் தெரியாம உட்கார வைக்கணும். ஒரு மூச்சு விடற நேரம் கொடுக்கணும். அப்புறம்தான் மெதுவா தெளியச் சொல்லணும். அந்த ஒரு மூச்சை எங்கே வைக்கறதுன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. மேனேஜர் வீண் வேலைன்னார். ஆஸ்பத்திரி ரிசல்ட்டைக் கடை விளம்பரம் மாதிரி பளிச்சுன்னு காட்டக் கூடாதுன்னு சண்டை போட்டு வெச்சேன். பார்க்கறவங்களுக்கு இப்பத்தான் வர்ற மாதிரி தோணும். உண்மையில அது தெளிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முழுசா வந்து சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியறதுதான் லேட்.

கட்டத்தோட அளவு விஷயம் எனக்குத் தோணவே இல்ல. எங்க டீம்ல யாருக்கும் தோணலை. நாங்க டெஸ்ட் பண்ணும்போது எல்லாருக்கும் ஒரே பொய் ரிசல்ட்டைப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பெயிண்டரை நினைச்சுட்டு நேத்து எனக்குச் சாப்பாடு இறங்கலை. எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவா ஆக்கிடறேன். நல்லதோ கெட்டதோ, அதே இடம். ஒரு வரியா இருந்தா மிச்சத்தை வேற ஏதாவது போட்டு நிரப்பிக்கலாம், பார்க்கிற நேரம், தண்ணி எங்கே கிடைக்கும், அந்த மாதிரி. அளவை வெச்சு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அவங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு எழுதியிருக்கே. நான் கேட்கலை.

தம்பி


பிப்ரவரி 1

ஆமை,

பதில் போட்டியே, அதுவே பெருசு. அம்மாவை "அவங்க"ன்னு எழுதியிருக்கே. எப்பலேர்ந்துடா இந்த மரியாதை? வா போன்னு கூப்பிட்டுக்கிட்டு அவ முதுகுலயே தொங்கிக்கிட்டு இருந்த பயல் நீ. அப்பா போன அன்னிக்கு அவ எல்லார் முன்னாடியும் "எல்லாம் முடிஞ்ச பிறகு யாருக்குடா வந்தே, திரும்பிப் போ"ன்னு சொன்னது தப்புதான். நீ அன்னிக்கே பையைத் தூக்கிட்டுப் போனது மட்டும் சரியா? அவ சொன்னது துக்கத்துல. நீ போனது தெளிவா யோசிச்சு. எது பெரிய குத்தம்னு நீயே சொல்லு.

சரி, அதை விடு. ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நம்ம வீட்ல ஆமை வெளியே போன பிறகுதான் எதுவும் உருப்படலை. மாடிக் குழாய் ஒழுகுது. பிளம்பர் வரேன் வரேன்னு சொல்றார், வர்றதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை நம்ம வாஷிங் மெஷின் பின்னாடி குட்டி போட்டிருக்கு. மூணு குட்டி. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சாம்பல், ஒண்ணு ரெண்டும் கெட்டான். தாய்ப் பூனை என்னைப் பார்த்தாலே சீறுது. என் வீட்ல நானே திருடி மாதிரி துணி துவைக்கிறேன்.

அம்மாவுக்குக் கொஞ்சம் அசதி. வயசாச்சு இல்லையா. மத்தியானம் தூங்கறா. சாப்பாடு முன்ன மாதிரி இல்ல. பூனைக்குட்டியைப் பார்த்தா மட்டும் முகம் மலருது. கறுப்புக்குட்டி ரொம்ப மெதுவா நடக்குதாம். அதுக்கு யார் பேரை வெச்சிருக்கான்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

உனக்கு லீவு எப்ப கிடைக்கும்? சும்மாதான் கேட்கிறேன். கவுண்டர்ல மின்விசிறி கடகடன்னு சத்தம் போடுது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு, "சத்தம் வந்தா ஓடுதுன்னு அர்த்தம், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். அந்த மாதிரி தைரியம் எனக்கும் யாராவது சொன்னா தேவலை. பக்கம் முடிஞ்சுபோச்சு.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

வேலை முடிஞ்சுது. எல்லாக் கட்டமும் ஒரே அளவு. மெதுவா வர்றதையும் எடுத்துட்டேன். கழுத்தை மெதுவா அறுக்கறதுன்னு நீ எழுதினது மனசுல உட்கார்ந்துட்டுது. யோசிச்சா நீ சொல்றதுதான் சரி. அது பார்க்கறவங்களுக்காக இல்ல, எனக்காக வெச்சது. கெட்ட செய்தி சொல்ற இடத்துல நான் இல்லாம, நான் ரொம்ப மென்மையானவன்னு நானே நினைச்சுக்கறதுக்கு. இனிமே தட்டினதும் வந்துடும். திங்கட்கிழமை எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகுது. மேனேஜர் என் முதுகுல தட்டி, "இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்"ன்னார்.

லீவு இருக்கு. ஆனா வர மாட்டேன். எது பெரிய குத்தம்னு கேட்டியே. அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு நீங்க ரெண்டு பேரும் எனக்கு எப்ப சொன்னீங்க? "லேசா காய்ச்சல்"னு ஒரு தடவை. "பெட்ல சேர்த்திருக்கோம், பயப்படாதே"ன்னு ஒரு தடவை. "முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ"ன்னு ஒரு தடவை. ஒரு எட்டுன்னா என்ன அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? கையில இருந்த வேலையை முடிச்சுட்டுக் கிளம்பினேன். வந்தப்ப வாசல்ல செருப்பு வைக்க இடம் இல்லை. அப்பத்தான் எனக்கு விஷயமே தெரியுது. அதுக்குத்தான் எனக்கு அந்தப் பேச்சு.

அம்மா கூப்பிடட்டும். ஒரு வார்த்தை போதும். அன்னிக்கே பெட்டியைக் கட்டறேன். அவங்க கூப்பிடாம வந்து மறுபடியும் "யாருக்கு வந்தே"ன்னு கேட்டு நிற்க என்னால முடியாது.

கறுப்புக்குட்டிக்கு என் பேரை வைக்க வேண்டாம்னு சொல்லு.

தம்பி


பிப்ரவரி 24

ஆமை,

வந்துட்டுது உன் புது வேலை. எண்ணைப் போட்டதும் டமால்னு எல்லாம் வந்து நிக்குது. கட்டமும் ஒரே அளவு. கவுண்டர்ல இப்ப யாரும் முன்கூட்டியே அழறதில்லை. அதுக்கு நன்றி. நிஜமாத்தான் சொல்றேன்.

ஆனா ஒண்ணு கேட்கிறேன், திட்டாதே. கட்டம் ஒரே அளவாவே இருக்கட்டும். எழுத்து மட்டும் பழையபடி மெதுவா வர்ற மாதிரி ஆக்க முடியுமா? நான்தான் எடுக்கச் சொன்னேன், நானே திரும்பக் கேட்கிறேன், புத்தி கெட்டவள்னு நினைச்சாலும் பரவாயில்லை. முன்னாடி எழுதினேனே, அந்த அம்மா, அவங்களுக்கு அது பிடிச்சிருந்துதாம். இப்ப வர்றது பிடிக்கலையாம். ஒருத்தருக்காக மாத்த முடியாதுன்னு தெரியும். கேட்டுப் பார்க்கிறேன்.

பூனைக்குட்டிங்க வாஷிங் மெஷினை விட்டு வெளியே வந்தாச்சு. ரெண்டும் கெட்டான் என் செருப்பைக் கடிச்சு வார் ஒண்ணு போச்சு. சாம்பல்குட்டியை மாடி வீட்டு டீச்சர் எடுத்துட்டுப் போயிட்டாங்க. கறுப்பு மட்டும் அம்மா கட்டில் காலடியில படுத்துக்குது. பிளம்பர் ஒரு வழியா வந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா, குழாயைச் சரிபண்ணப் போய் சுவரை உடைச்சு வெச்சிருக்கார். வீடு பூரா சிமெண்ட் தூசி. தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோச்சு.

அம்மாவும் நானும் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றோம். எனக்கு வேலை அங்கேதானே, கூடவே கூட்டிட்டுப் போறது சுலபம். நீ கேட்டதைச் சொன்னேன். "கூப்பிட்டு வர்றவன் விருந்தாளி. அவனா வந்தா பிள்ளை"ங்கறா. நீயும் அவளும் ஒரே அச்சு. நடுவுல நான் ஒருத்தி மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். நீயா வந்தா என்னடா? ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். பக்கம் முடிஞ்சுபோச்சு.

அக்கா


மார்ச் 6

அக்கா,

மூணு கடிதத்தையும் மேஜை மேல வரிசையா வெச்சுப் பார்த்துட்டு எழுதறேன்.

நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப நீ எனக்கு எழுதின கடிதம் எல்லாம் நினைவிருக்கு. ஒண்ணு ரெண்டு வரி இருக்கும், இல்ல எட்டுப் பக்கம் இருக்கும். கோபம்னா ரெண்டு வரி. உன் கல்யாணப் பேச்சு முறிஞ்சப்ப எட்டுப் பக்கம், ஓரத்துல எல்லாம் திருப்பித் திருப்பி எழுதியிருந்தே. ஒரே அளவா எழுதறவ நீ இல்ல. இப்ப பார்த்தா எல்லாம் சரியா ஒரு பக்கம். கடைசி வரி விளிம்புல வந்து நிக்குது. அம்மாவைப் பத்தி ரெண்டு வரி, பூனையைப் பத்தி எட்டு வரி. உனக்குப் பூனையே பிடிக்காது. சின்ன வயசுல கல்லை விட்டு எறிவே.

எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஒரு வரியா இருந்தா மிச்சத்தை வேற ஏதாவது போட்டு நிரப்பு. நான் சொல்லிக் கொடுத்த வித்தையை என் மேலேயே போட்டுட்டே. அசதி, அப்புறம் சாப்பாடு இறங்கலை, அப்புறம் அடிக்கடி ஆஸ்பத்திரி. அப்பாவுக்குப் பண்ணின அதே வேலை. கொஞ்சம் கொஞ்சமா தெளிய விடறே. "ஒரு எட்டு"ங்கற வார்த்தைகூட மாறலை.

கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டுப் படிக்கிறது நம்ம அம்மாதான். அதை ஜனவரியிலேயே எழுதிட்டே. நான் மூடன், அதைக் கம்ப்ளெயிண்ட்டுன்னு நினைச்சுப் படிச்சேன். உலகத்துல எத்தனை பேர் கண்ணாடியைக் கழட்டாம நெத்தியில ஏத்திட்டுப் படிக்கிறாங்க? அந்தப் பெரிய வெள்ளைக் கட்டம் அம்மாவுக்கு வந்தது. நான் விட்டு வெச்ச இடம். அவ சிரிச்சிருக்கா.

முதல் கடிதத்துலேயே எல்லாம் வந்து சேர்ந்தாச்சு. எனக்குத் தெரியறதுதான் லேட். உனக்கு என்ன உரிமைன்னு கேட்கணும்னு இருக்கு, கேட்க நேரம் இல்ல. காலையிலேர்ந்து போன் பண்றேன், நீ எடுக்கலை. வீட்டு நம்பரையும் யாரும் எடுக்கலை. மத்தியானம் கிளம்பறேன். இது உனக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். ஆனாலும் எழுதறேன், ஏன்னா நேர்ல பார்த்தா உன்கிட்ட இதைச் சொல்லாம அழுதுடுவேன்.

அம்மாகிட்ட நான் வர்றேன்னு சொல்லு. மெதுவா எல்லாம் சொல்லாதே. உடனே சொல்லு.

தம்பி


மார்ச் 25

தம்பி,

நீ திரும்பிப் போன மறுநாள் உன் கடிதம் வந்துச்சு. வாழ்க்கையில முதல் தடவையா நீ ஒண்ணை முந்திக்கிட்டு வந்தே, அதுவும் உன் கடிதத்தையே. அன்னிக்கு அம்மாவை ஐ.சி.யூ.வுக்கு மாத்திக்கிட்டு இருந்தாங்க, அதான் போனை எடுக்கலை. நீ வந்து நின்னப்ப அவளுக்கு நினைவு போய் ஒரு ராத்திரி ஆகியிருந்துது. வர்றேன்னு உடனே சொல்லச் சொல்லியிருக்கே. யார்கிட்ட சொல்ல?

அவ இருந்த அஞ்சு நாளும் நீ என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அவ கால்மாட்டுலயே உட்கார்ந்திருந்தே. அவ போன பிறகும் பேசலை. உன்கிட்ட இருந்த வீட்டுச் சாவியை ஸ்விட்ச் போர்டு மேல வெச்சுட்டு, கறுப்புக்குட்டியைத் தூக்கி என் மடியில போட்டுட்டுப் போயிட்டே. அடிச்சிருந்தாகூட நான் தாங்கியிருப்பேன். இது எத்தனை பக்கம் போகும்னு தெரியலை. இனிமே நான் பக்கம் பார்த்து எழுதப் போறதில்லை.

அம்மா என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. "நான் சாகப் போறேன்னு அவனைக் கூப்பிடாதே. அன்னிக்கு நான் பேசினதுக்கு இப்ப சாவைக் காட்டிக் கூப்பிட்டா அது நியாயம் இல்ல. அவனுக்கா தோணி வரட்டும்"னா. சத்தியத்தையும் காப்பாத்தணும், உன்னையும் வரவைக்கணும். அதுக்குத்தான் புகார்னு ஒரு சாக்கு வெச்சு எழுதினேன். அந்தப் புகார் பொய் இல்ல. அந்த வெள்ளை இடத்தை அவ பக்கத்துல நின்னு நானும் பார்த்தேன். உன் மேல அப்ப வந்த ஆத்திரத்துலதான் கழுத்தறுப்புன்னு எழுதினேன். அதோட விட்டிருக்கணும் நான்.

ஏன்னா அன்னிக்கு வீட்டுக்கு வந்த பிறகு அவ கேட்டா, "இதை யாருடி பண்ணது?"ன்னு. பேஜ் அடியில உங்க கம்பெனி பேரைக் காட்டினேன். கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு ரொம்ப நேரம் பார்த்தா. "அதானே பார்த்தேன். எவ்வளவு நிதானமா சொல்றான் பாரு"ன்னா. அப்புறம் "இன்னொரு தடவை போடு"ன்னா. போட்டேன். மறுபடியும் போடுன்னா. அதுலேர்ந்து தினமும் சாயங்காலம் மாத்திரை போட்டதும் போனைக் கேட்பா. வேற எதுவும் பார்க்க மாட்டா. அவளோட அந்த ரிசல்ட்தான். வெள்ளை இடம் வரும், எழுத்து மெதுவா வரும், வந்து முடிஞ்சதும் மூடச் சொல்லுவா.

எனக்குப் பொறுக்கலை. "சனியன் பிடிச்ச செய்தியைத் திரும்பத் திரும்ப என்னத்தைம்மா பார்க்கறே?"ன்னு கேட்டேன். "செய்தியை யாருடி பார்க்கறா? வர்ற அழகைப் பாரு. சின்னதுல தப்பு பண்ணிட்டு வந்து நிப்பானே, வாயைத் திறக்கவே அரை மணி நேரம் ஆகும். அப்படியே இருக்கு"ன்னா. ரெண்டு வருஷம் கழிச்சு நீ அவகிட்ட பேசற மாதிரி இருந்திருக்கு அவளுக்கு. அதுதான் அவளுக்கு நீ சொன்ன ஒரே செய்தி.

இதை உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினா சத்தியம் போச்சு. மெதுவா வர்றதை எடுத்துட்டேன்னு நீ பிப்ரவரி கடிதத்துல எழுதியிருந்தே, அது என் கைக்கு வர்றதுக்குள்ள அந்தத் திங்கட்கிழமையும் தாண்டிப்போச்சு.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல எண்ணைப் போட்டு அம்மா கையில கொடுத்தேன். டமால்னு வந்து நின்னுது. எனக்கு ஒண்ணும் புரியலை. அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. ஏதாவது கெட்டுப்போச்சான்னு கேட்டா. மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. கண்ணாடியை நெத்தியிலேர்ந்து இறக்கினா. "இது அவன் பண்ணது இல்ல"ன்னு சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துட்டா.

அதுக்கப்புறம் அவ கேட்கவே இல்ல. நான் நீட்டினாலும் வேண்டாம்னுட்டா. நான்தான் எடுக்கச் சொன்னேன்னு அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலை. உன்கிட்ட கெஞ்சி எழுதினேன். நீ அதைப் படிச்சுத்தான் கண்டுபிடிச்சேன்னு இப்பத் தெரியுது. கண்டுபிடிச்சது நல்லதுதான். நேரம்தான் பத்தலை.

நான் பண்ணது தப்பு. பச்சையா ஒரு வரி எழுதியிருந்தா ஜனவரியிலேயே நீ வந்திருப்பே. சத்தியம் எனக்குப் பெருசாப் போச்சு. நீ என்னை மன்னிக்க வேண்டாம். திட்டியாவது ஒரு வரி எழுது. இந்த வீட்ல பேச்சுச் சத்தமே இல்ல.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

திட்டி நாலு தடவை எழுதினேன். நாலையும் கிழிச்சுட்டேன். எதை எழுதினாலும் கடைசியில அம்மா சொன்ன அந்த வரியிலேயே வந்து நிக்குது.

அது நான் பண்ணதுதான் அக்கா. மெதுவா வந்ததும் நான்தான், பட்டுன்னு வந்ததும் நான்தான். நீ ஒரு வரி எழுதினே, நான் எடுத்தேன். எடுத்த என் கைக்கு ஒண்ணும் ஆகலை. உன் தலையிலேயே எல்லாத்தையும் போட்டுக்காதே. அவகிட்ட போய் உட்கார எனக்கு ரெண்டு வருஷம் இருந்துது. ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கேன்னு கதை விட்டேன். உன்னை மன்னிக்கிறேன்னு எழுத எனக்கு இன்னும் வரலை. வந்தா எழுதறேன். பொய்யா எழுத மாட்டேன்.

ஒண்ணு பண்ணியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதே, தெரிஞ்சா வேலை போயிடும். அம்மாவோட பதிவு எண் ஒண்ணுக்கு மட்டும் பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டிருக்கேன். அதே மாதிரி, வர்ற அளவுக்கு இடம், அந்த ஒரு மூச்சு, எல்லாம். வேற எந்த எண்ணைப் போட்டாலும் புதுசுதான் வரும். இதனால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு தெரியும். செத்துப்போனவங்க பேஜை யார் திறந்து பார்க்கப் போறா?

எனக்குத் திறந்து பார்க்கத் தைரியம் இல்ல. நீ பார். சரியா வருதான்னு மட்டும் எழுது.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

பார்த்தேன். இன்னிக்குச் சாயங்காலம் அம்மா கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு, எண்ணைப் போட்டேன். கறுப்பு பக்கத்துல படுத்திருந்துது.

சரியா வருது. ஜனவரி ரிசல்ட்டுக்குப் பெரிய வெள்ளை இடம் விட்டு, மெதுவா வந்துச்சு. அவ பார்த்த மாதிரியே. நீ பண்ணதுதான், பார்த்தாலே தெரியுது. அதுக்குக் கீழே இருந்ததெல்லாமும் ஒண்ணொண்ணா வந்துச்சு. எல்லாம் பெரிய பெரிய இடம். கடைசியில புதுசா ஒரு கட்டம் இருந்துது, நான் அதுவரைக்கும் பார்க்காதது. ரொம்பச் சின்ன இடம். ஒரே ஒரு வரிக்குத்தான்.

கவுண்டர்ல உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம் பாரு. சின்ன இடத்தைப் பார்த்ததும் நெஞ்சு லேசாயிடுச்சு. "அப்பாடா, ஒண்ணும் இல்லம்மா"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். காலியான தலையணையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அப்புறம் எழுத்து மெதுவா வந்துச்சு. "நோயாளியின் பதிவு மூடப்பட்டது."

அக்கா